மாமன் பெயருக்கு விட்ட இடம்

இந்த ஊரில் கல்யாணம் கதவுக்கு அடியில் நுழைகிறது. குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தவன் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் மிதித்திருப்பேன். ரோஜா நிற உறை, மூலையில் மஞ்சள். துறைமுகக் கிடங்கு அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் நண்பரின் மகனுக்குக் கல்யாணம். அவர் வீடு எங்களுக்கு அடுத்த பஸ் நிறுத்தம். ஆனாலும் அந்த அழைப்பு தபால்தலை ஒட்டிக்கொண்டு, நகரத்தின் ஏதோ ஒரு கோடிக்குப் போய் முத்திரை குத்து வாங்கி, காக்கி அரைக்கால் சட்டை போட்ட தபால்காரர் கையால் சிமெண்டுத் தரையில் வழுக்கி வந்து என் கால்விரலருகே நின்றது. யாரும் வரவில்லை, யாரும் உட்காரவில்லை, காப்பி குடிக்கிறீர்களா என்று யாரையும் நாங்கள் கேட்கவில்லை. என் மனைவி வடிவு குனிந்து அதை எடுத்து, முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "மிதிச்சிருப்பீக," என்றாள். கோபம் இல்லை. மழையில் நனைந்த குருவியை எடுத்து வைத்தவள் போல் இருந்தாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விளங்காது. அங்கே கல்யாணம் இரண்டு காலில் நடந்து வரும். வெயிலில் வியர்த்து வரும், உட்காரும், மோர் கேட்கும், போன கல்யாணத்தில் சாம்பாரில் உப்புக் கூடிப்போனதைப் பேசும், அதன் பிறகுதான் எழுந்து நின்று தட்டை நீட்டும். என் அப்பாவின் பங்காளி ஒருவருக்குத் தென்காசி பஸ் நிலையத்தில் வைத்துப் பத்திரிகை கொடுத்துவிட்டார்கள். வழியில் பார்த்தோம், கொடுத்தோம், வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். அவர் கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை. "நடுரோட்டில் கொடுக்க நானென்ன நோட்டீஸ் வாங்குகிறவனா?" என்று கேட்டாராம். அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இந்தச் சள்ளையெல்லாம் வேண்டாம் என்று கப்பலேறியவர்களில் நானும் ஒருவன். யுத்தம் முடிந்த கையோடு வந்தேன். கடல் உப்புத் தண்ணீர்தானே, எல்லாவற்றையும் அரித்துவிடும் என்றுதான் நம்பினேன்.

எங்கள் மகள் கோமதிக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அந்த நம்பிக்கை எவ்வளவு பச்சைப்பிள்ளைத்தனமானது என்று தெரிந்தது. மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். காத்தோங்கில், கடற்காற்று ஜன்னலைத் தட்டும் தெருவில் வீடு. அவர் தாத்தா காலத்திலிருந்தே இந்த ஊர்க்காரர்கள். பெண் பார்த்து, தட்டு மாற்றி, நாள் குறித்து, நாங்கள் புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பினோம். எல்லாருக்கும் மனம் நிறைந்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே வடிவு கேட்டாள்: "அண்ணனுக்கு யாரு தட்டு வைக்கது?"

அண்ணன் என்றால் அவளுடைய ஒரே அண்ணன் ஆவுடையப்பன். தென்காசிக்குக் கிழக்கே நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால் சும்மா உறவு இல்லை. கோமதி பிறந்தது அவர் வீட்டில். அவள் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு முதல் சேனை வைத்தது அவர். அவருக்கு அப்போது தவழ்கிற மகன் ஒருவன் இருந்தான். "எம் மருமவ வந்துட்டா," என்று அன்றைக்கு அவர் சொன்னதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். நடந்து பழகிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வடிவு என்னிடம் கப்பலேறி வந்தாள். அதற்குப் பிறகு மாமன் எங்கள் வீட்டில் சுவரில் மாட்டிய படம். ஆனால் முறை படத்துக்குள் அடங்காது. முறைக்காரனை விட்டு வெளியில் பெண் கொடுக்கும்போது, மாமன் வீட்டுக்குத் தட்டோடு போய் நிற்க வேண்டும், முதல் வெற்றிலையை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தால்தான் பத்திரிகையில் அவர் பெயர் ஏறும். தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதைவிட, அண்ணன் கை விலகிய கல்யாணத்தில் வடிவு மணவறைக்குப் பக்கத்தில் எந்த முகத்தோடு நிற்பாள்?

கோமதிக்கு இது புரியவில்லை. அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள், வார்த்தைகளைத் தட்டித் தட்டிப் பேசுவாள்.

"நான் பார்த்தே இல்லாத ஒருத்தர்கிட்ட பெர்மிஷன் கேக்கணுமாம்மா?"

"பெர்மிஷன் இல்லடி. சொல்லிக்கிடறது."

"சொல்றதுன்னா லெட்டர் போடலாம் லா." இந்த ஊர்ப் பேச்சுக்கு வால் அந்த 'லா'.

"லெட்டர் போட்டா சொன்னதாகும். சொல்லிக்கிட்டதாகாது."

கோமதி என்னைப் பார்த்தாள். எனக்கு இரண்டு பேருடைய தமிழும் புரிந்தது. அதுதான் என் கஷ்டம்.

நேரில் போவதுதான் வழி. ஆனால் நாங்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த சமயம் அது. முடிவு தெரியாமல் கடல் தாண்டாதே, திரும்பும்போது கேள்வி வரும் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அது எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் உண்மையாக இருந்தது. ஓர் ஊரில் இருக்கட்டுமா என்று மனுக் கொடுத்துவிட்டு, இன்னோர் ஊரில் போய் வெற்றிலை கொடுக்க முடியாமல் நின்றோம்.

தேக்காச் சந்தைக்கு எதிர்ச் சந்தில் கைலிக்கடை வைத்திருந்த மீரான் பாய், கடையநல்லூர்க்காரர், அந்த மாதம் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் மாட்டுவண்டித் தூரம். நான் கேட்டதும், "இதுக்கென்ன அண்ணாச்சி, பத்திரிகைய நீட்டிட்டு வாரேன்," என்றார். அதை வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரிகை இன்னும் அச்சாகவில்லை. அச்சாவதற்கு முன்னால்தான் மாமன் வெற்றிலை எடுக்க வேண்டும். தட்டு போக வேண்டும். தட்டுக்குப் பின்னால் ஓர் ஆளும், ஆளின் வாயில் சரியான சொற்களும் போக வேண்டும். அவள் அலமாரியிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். அவள் கல்யாணத்துக்கு ஆவுடையப்பன் வாங்கித் தந்த சீர்த் தட்டு. அடிப்பக்கம் உளியால் புள்ளி புள்ளியாக 'வடிவு' என்று பெயர் வெட்டியிருக்கும். அந்தத் தட்டே போகட்டும் என்றாள். அவள் எதை அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைலிக்கட்டுகளுக்கு நடுவில், மீரான் பாய்க்கு வடிவு பாடம் நடத்தினாள்.

"சொல்லுங்க அண்ணே, பாப்போம்."

"'உங்க தங்கச்சி வடிவும் மாப்பிள்ளையும் நேர்ல வந்து நிக்கதா நெனச்சுக்கிட்டு...' பெறவு என்ன தங்கச்சி?"

"'மாமன் மொத வெத்தலைய எடுத்துக்கிடணும்.' அவுக எடுக்கந்தண்டியும் தட்டக் கீழ வச்சிரக் கூடாது. அத மட்டும் மறந்துராதீக."

"மறப்பனா? வெத்தல கடையநல்லூர்லயே கொழுந்தா வாங்கிருதேன். பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழு எல்லாம் பொட்டியில பத்திரமாப் போவும். ஆனா குங்குமத்த அவுக வீட்டுப் பொம்பளயாளு எடுத்துக்கிடட்டும், நான் வச்சு விடப் போனா ரெண்டு வீட்டுலயும் அடி விழும்." சிரித்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஆவுடையப்பனாக வேஷம் கட்டிய ஒரு கைலிக்கட்டின் முன் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னார். "எம் மவ கல்யாணத்துக்குக்கூட நான் இப்பிடிப் பாடம் படிச்சதில்ல."

கைலி வாங்க வந்த மலாய்க்காரர் ஒருவர் வாசலில் நின்று இதைப் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் தட்டைக் காட்டி, "பெராப்பா?" என்று விலை கேட்டார். வடிவு சட்டென்று அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் பதறிப்போய் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். கைலியும் வாங்கவில்லை.

கப்பல் போயிற்று. நான் அச்சகத்துக்குப் போனேன். செல்லையா என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். வாசகம் எழுதுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நல்ல தமிழாக, அளவாக, படிப்பவர் காதில் நாதஸ்வரம் லேசாகக் கேட்கும்படி எழுதியிருந்தேன். பின்பக்கம் கோமதியின் அலுவலகத் தோழிகளுக்காக ஆங்கிலம். முன்பக்கத்தில் எங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் வெறுமையாக விடச் சொன்னேன்.

"இந்த எடத்துல என்னண்ணே வரும்?"

"தாய்மாமன் பெயர். ஊரிலிருந்து செய்தி வரணும்."

செல்லையா அந்த வரியில் எழுத்தில்லாத ஈயக் கட்டைகளை அடுக்கி இறுக்கினார். அதுவரை எனக்குத் தெரியாது: காகிதத்தில் வெறுமையாகத் தெரியும் இடத்தில் அச்சில் வெறுமை இல்லை, அங்கேயும் ஈயம்தான் நிற்கிறது. எழுத்தைவிடச் சற்றே குள்ளம், அதனால் மை தொடுவதில்லை. கையில் ஒரு கட்டையை வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம்.

வாரங்கள் போயின. செய்தி இல்லை. செல்லையாவுக்குப் பொறுமை குறைந்தது. அவரிடம் இருந்த எழுத்துகள் அளவானவை, முகூர்த்த மாதம் வேறு.

"அண்ணே, கட்டி வச்ச பத்திரிகைய எத்தன நாள் காவல் காக்கிறது லா? என் 'ஸ்ரீ' எல்லாம் உங்க வீட்டுக் கல்யாணத்துல மாட்டிக்கிச்சு. அடுத்த பார்ட்டிக்கு 'ஸ்ரீ'க்கு நான் எங்க போவேன்? பேரப் போடுங்க, இல்ல அந்த வரிய எடுத்துடுங்க."

"இன்னும் கொஞ்சம்."

அவருடைய அச்சுப்பொறியை ஓட்டும் சீனர், கையில் மையோடு வந்து எட்டிப் பார்த்தார். எங்களுக்குள் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். அந்த வெறும் வரியைச் சுட்டிக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "சூடா மாத்தி கா?" என்று கேட்டார். செத்துப் போய்விட்டாரா என்று. நான் பதறி, "புலோம், புலோம்," என்றேன். இன்னும் இல்லை என்று நான் சொன்னது, நோயாளி இழுத்துக்கொண்டு கிடப்பது போல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என் தோளில் கை வைத்தார். சட்டையில் கருப்பாக ஒட்டிக்கொண்டது. "ஜாவ்," என்றேன் கடைசியாக. தூரத்தில் இருக்கிறார். அவர் தலையசைத்தார். எதற்குத் தலையசைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. வேலை முடிந்ததும் ஏதாவது பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை போவேன். ஒரு மாலை தெம்பனிஸ் ரோட்டில் போய் இறங்கினேன். கோழிப்பண்ணைகளும் மணல் குழிகளும்தான் அங்கே. லாரிகள் மணலை அள்ளி நகரத்துக்குள் கொண்டு போய்க்கொண்டிருந்தன, யார் யாருடைய வீட்டுச் சுவராகவோ ஆவதற்கு. தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் தேங்கி வானம் அதில் கிடந்தது. மண் ஓரிடத்தில் குறைகிறது, இன்னோரிடத்தில் உயர்கிறது. லாரிக்காரருக்கு அதில் துக்கமில்லை. நான் அந்தக் குழியின் ஓரத்தில் நின்று, ஆவுடையப்பனின் பெயரை நாமே போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தேன். பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் கல்யாணமே முடிந்திருக்கும். காத்தோங்கிலிருந்து சம்பந்தி இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மண்டபம் பிடித்து, சமையலுக்குச் சொல்லி, பத்திரிகை மட்டும் வராமல் காத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவுக வெத்தலைய எடுக்காம, அவுக பேர நாம எடுக்கக் கூடாது."

"அப்படியானால் பெயர் இல்லாமல் அடிப்போமா?"

"அடிங்க," என்றாள். களைந்த தண்ணீர் வெளுத்து ஓடியது. "ஆனா அந்த எடத்த மூடிராதீக. வெறுமையா இருக்கட்டும். கேக்கவுகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் அப்படியே அடிக்கச் சொல்லப் புறப்பட்டவனைத் தேக்காவிலேயே மறித்தார்கள். மீரான் பாயின் மச்சான் ஒருவர் அன்று காலைக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். ஆவுடையப்பன் வீட்டுக்குப் பாயோடு துணைக்குப் போனவரே அவர்தான். நான் ஓடிப்போய் வடிவைக் கூட்டி வந்தேன். கைலிக்கடை முக்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். வடிவு நின்றாள்.

"நாங்க போனப்ப அவுக களத்துல நின்னாக. வீட்டுக்கு வாங்கன்னு கூட்டிட்டுப் போனாக. மீரான் மச்சான், நீங்க சொல்லிக் குடுத்தத ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சாரு. அவுக தட்டப் பாக்கல. மோட்டுவளையப் பாத்தாக."

"என்ன சொன்னாக?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"'சேனை வச்சது நான். எனக்கு வெத்தல கொண்டுவர ஒரு பாய்தான் கெடச்சாரா அவளுக்கு'ன்னாக."

வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மச்சான் விடுவாரா? 'நான் பாயா வரல, வடிவுக்கு அண்ணனா வந்திருக்கேன். தம்பி நீட்டினா மூத்தவுக வாங்கிக்கிடக் கூடாதா'ன்னு கேட்டாரு. அப்பவும் கை நீளல. தட்டக் கீழ வைக்கக் கூடாதுன்னு நீங்க வேற சொல்லிட்டீக. நின்னாரு. காப்பி வந்துச்சு, குடிக்கக் கையில்ல. நான் வேணா அவருக்கு ஊட்டி விடவான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் அவுக லேசாச் சிரிச்சாக. பெறவு எந்திரிச்சு வந்து தட்டுக்கு அடியில கையக் குடுத்து, பேரு வெட்டியிருக்குல்லா, அந்த எடத்தத் தடவினாக. 'இது நான் வாங்கின தட்டுல்லா'ன்னாக. அவ்வளவுதான், வெத்தலய எடுத்துட்டாக."

எங்கள் சீமையின் அந்த 'ல்லா'வை, இந்த ஊர் 'லா'க்களுக்கு நடுவில், நான் வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"பேரு?" என்று நான்தான் கேட்டேன்.

"போடச் சொன்னாக. சின்ன எழுத்துல போட்டா வருத்தப்படுவேன்னும் சொல்லச் சொன்னாக." துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து வடிவிடம் நீட்டினார். அரக்கு நிறத்தில் மாமன் சேலை. "வந்து மடி பிடிச்சுக் குடுக்க முடியல, மருமவளக் கட்டிக்கிடச் சொல்லுன்னாக."

வடிவு சேலையை வாங்கிக்கொண்டு, அதற்குக் கீழே இன்னும் எதையோ தேடுவது போல் அவர் கையைப் பார்த்தாள்.

"தட்டா? மச்சானும் கேட்டாரு தங்கச்சி, குடுங்க, கப்பல்ல குடுத்து விடுதேன்னு. அவுக தரல. 'தட்டு இங்கன இருக்கட்டும். வேணும்னா அவ வந்து எடுத்துக்கிடட்டும்'னுட்டாக."

செல்லையா ஈயக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு ஆவுடையப்பனை ஏற்றினார், எங்கள் பெயர்களைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில். அச்சுப்பொறி ஓட்டுகிறவர் அந்த வரி நிரம்பியிருப்பதைக் கண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நோயாளி பிழைத்துக்கொண்டார் என்று நினைத்திருக்கலாம். நானும் அதைத் திருத்தவில்லை.

ஒரு பத்திரிகையையும் நாங்கள் தபாலில் போடவில்லை. மாலை மாலையாகப் பஸ் ஏறி வீடு வீடாகப் போனோம். பாதி வீடுகளில், போஸ்ட் பண்ணியிருக்கலாமே, எதுக்குச் சிரமம் என்றார்கள். சொல்லிவிட்டுக் காப்பி போட்டார்கள். எங்கள் மாடியில் எதிர்வீட்டுச் சீன அம்மா பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் கதவு தட்டும் சத்தம். மூலையில் தடவியிருந்த மஞ்சளை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் தெரியாமல் கறை பட்ட அட்டையைக் கொடுத்துவிட்டோமாம், இப்போது சரியாகிவிட்டது, கவலை வேண்டாமாம். கூடவே இரண்டு ஆரஞ்சுப் பழங்கள். வடிவு பழங்களை வாங்கிக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளைக் குழைத்து மறுபடி தடவினாள். அந்த அம்மா யோசித்தார். பிறகு, தாமும் ஒரு விரலால் தொட்டு இன்னொரு மூலையில் வைத்தார்.

கோமதி மாமன் சேலையில்தான் மணவறைக்கு வந்தாள். முகம் தெரியாத ஒருவர் எடுத்த நிறம் அவளுக்கு எப்படி அவ்வளவு பொருந்தியது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வடிவு தலை நிமிர்ந்து நின்றாள்.

குடியுரிமைத் தாள் பிறகு வந்தது. இனிமேல் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வருஷம் என்கிறோம், பேரன் பிறக்கட்டும் என்கிறோம், பிறந்தான், கொஞ்சம் நடக்கட்டும் என்கிறோம். ஊரிலிருந்து யார் வந்து இறங்கினாலும் வடிவு தட்டை விசாரிக்கிறாள். ஆவுடையப்பன் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் வெற்றிலை அந்தத் தட்டில்தான் வைக்கிறார்களாம். ஊர் வாசலெல்லாம் ஏறி இறங்குகிறாளாம் வடிவு, தட்டின் அடியில் இருந்துகொண்டு.

பேரனுக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கு ஒரு தட்டு வேண்டியிருந்தது. சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக்கடையில் எவர்சில்வரில் ஒன்று எடுத்தாள். பெயர் வெட்டித் தரவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றாள். விசேஷம் முடிந்து, தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியைத் திறந்தாள். பித்தளைத் தாம்பாளம் நெடுநாள் இருந்த பலகையில் வட்டமாக ஒரு தடம் இன்னும் இருக்கிறது. புதுத் தட்டை அந்த வட்டத்தில் வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த டம்ளர்களை நெருக்கித் தள்ளி, கிடைத்த இடுக்கில் அதைச் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.